முகாமில் பிறந்த பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை?

தேயிலைத்தூள்:
1986-ல் மண்டபம் இலங்கை அகதி முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியர், அவ்வளவுதான் சட்டம். அதே முகாமில் 1987 ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கு இது கிடையாது. தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். பிறந்த மண்ணை வைத்தே கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

கோடியக்கரையான்:
பெற்றோர் வழிதான் என் கட்சி. துபாயில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரருக்கு அங்கே பிள்ளை பிறக்கிறது. அமீரகம் பிறந்ததற்காகக் குடியுரிமை தராது. இந்தியாவும் "மண்ணில் பிறக்கவில்லையே" என்றால் அது எங்கே போகும்? அயர்லாந்தில் பிறந்தாலே குடியுரிமை என்று இருந்தது. 2004-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அதை நிறுத்திவிட்டார்கள்.

தேயிலைத்தூள்:
துபாய்ப் பிள்ளைக்கு வேண்டாம் என்று யார் சொன்னது? அமெரிக்காவில் இரண்டு வழியும் உண்டே. பெற்றோர் வழியை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, இந்தியாவிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்கள் வாழும் இலங்கை மலையகம் சாட்சி. 1948 இலங்கைச் சட்டப்படி அங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பூட்டனுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? லட்சக்கணக்கான பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டைப் பார்த்துத்தான் பேரம் பேசுவார்கள்.

கோடியக்கரையான்:
அது ஆளை விலக்கவென்றே எழுதிய சட்டம் ஐயா. அந்த நோக்கம் இருந்தால் எந்த விதியை வைத்தும் விலக்கலாம்.

வல்வைக்காரி:
நான் முகாமில வளர்ந்தனான். அம்மா அப்பா வழியால எனக்கு இலங்கைக் குடியுரிமை இருக்கு. சென்னையில இருக்கிற துணைத் தூதரகத்தில என்ர பிறப்பைப் பதிஞ்சவை. ஊரில எங்கட காணி கிடக்கு. பிறந்த இடம் மட்டும்தான் கணக்கெண்டா நாங்கள் அந்தக் காணிக்கு அந்நியர். பெற்றோர் வழியை அவ்வளவு லேசா ஏசாதேங்கோ அண்ணா.

தேயிலைத்தூள்:
காணி உள்ளவர்களுக்குச் சரிதான் தங்கச்சி. 83 கலவரத்துக்குத் தப்பி வந்த தோட்டத்து ஆட்களும் முகாமில் இருக்கிறார்களே, அவர்களுக்கு அங்கே என்ன காத்திருக்கிறது?
இன்னொன்று. தாய் தமிழ்நாட்டுக்காரி, தகப்பன் முகாம்காரர், பிள்ளை 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தது. தாய் வழியில் இந்தியன்தானே? கிடையாது. தகப்பன் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது என்று 2003-ல் திருத்திவிட்டார்கள். விசா இல்லாமல் படகேறி வந்தவர் அந்தக் கணக்கில்தான் வருகிறார்.

கோடியக்கரையான்:
அந்தத் திருத்தத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒருவர் இந்தியர் என்றால் போதும் என்ற 1987 நிலைக்கே திரும்பட்டும். அண்டை நாட்டுச் சிறுபான்மையினருக்காகக் கொண்டுவந்த 2019 திருத்தமும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது, இலங்கை அதில் இல்லை. முதலில் இதையெல்லாம் கேளுங்கள். மற்றவர்கள் விண்ணப்பம் போட்டு வாங்கட்டும். பிறந்தாலே உரிமை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

தேயிலைத்தூள்:
விண்ணப்பம் போடவும் 'சட்டவிரோதக் குடியேறி'க்கு வழியில்லை. எல்லையே தாண்டாமல் இங்கேயே பிறந்தவன் எங்கிருந்து குடியேறினான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கோடியக்கரையான்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. அயர்லாந்து விஷயத்துக்கு உங்களிடமும் இல்லை.