பத்தா, பதின்மூன்றா? நிமோனியா ஊசிச் சண்டை

கரிசல்காட்டான்: "நிமோனியா தரும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிராக அரசு போடுகிற ஊசியில் அதன் 10 வகைதான், தனியாரில் 13, ஏழைப் பிள்ளைக்கு மட்ட ரகம்" என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஊசி என்ன வளையலா, எத்தனை என்று எண்ணி வாங்க? 2000இல் அமெரிக்காவில் வந்த 7 வகை ஊசியில் 1, 5 என்று எண்ணிட்ட வகைகள் இரண்டும் கிடையாது. நம் பக்கத்துப் பிள்ளைகளைப் படுக்கவைப்பதில் அவையும் முக்கியம். இப்போது அரசு போடுகிற, சீரம் நிறுவனத்தின் நிமோசில் ஊசியில் இரண்டும் உண்டு.

மதுரைக்காரன்: அந்த "ஒருவர்" நான்தான் அண்ணாச்சி, பெயரைச் சொல்லியே திட்டலாம். 3ஆம் வகை அதில் இருக்கிறதா, இல்லையா?

கரிசல்காட்டான்: இல்லை. தனியாரின் 13 வகை ஊசியில் இருக்கிறது, பெட்டி மேல் எழுத்தாக. 3ஆம் வகைக் கிருமி பாம்பு சட்டை உரிப்பதுபோல மேலுறையை உதறிக்கொண்டே இருக்கும். நம் எதிர்ப்பொருள் அந்த உறையைப் பிடித்துக்கொண்டு ஏமாந்து நிற்கும். ஊசி போட்ட நாடுகளிலேயே 3 சரியாக அடங்கவில்லை.

மதுரைக்காரன்: ஆக, இல்லை. நன்றி.

நர்ஸ் அக்கா: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம், வலது தொடையில் நான் போடுகிறேன். எத்தனை வகை என்று ஒரு தாயும் கேட்டதில்லை. ராத்திரி காய்ச்சல் வருமா என்றுதான் கேட்பார்கள்.

மதுரைக்காரன்: அக்கா, பேச்சை மாற்றாதீர்கள். 3?

கரிசல்காட்டான்: 3, 3 என்று கிளிப்பிள்ளை மாதிரி. சின்ஃப்ளோரிக்ஸ் என்ற இன்னொரு நிறுவன ஊசியிலும் 10 வகைதான், ஆனால் அதில் 4, 18சி இருக்கும், 6ஏ, 19ஏ இருக்காது. நிமோசில்லில் நேர்மாறு. அமெரிக்காவில் 7 வகை ஊசிக்குப் பிறகு தலைதூக்கியதே 19ஏதான். எந்தப் பத்து என்று பார்க்கத் தெரியாதவர் எதற்கு எண்ணிக்கை பேச வேண்டும்?

சும்மா படிப்பவன்: இங்கே எந்த வகை சுற்றுகிறது என்று எப்படித் தெரியும்? பிள்ளை பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் தெருமுனைக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் ரத்தத்தில் கிருமி வளராது.

மெடிக்கல் தம்பி: கடைக்காரனை ஏன் இழுக்கிறீர்கள்? சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை.

சும்மா படிப்பவன்: உங்களைச் சொன்னேனா? குறுகுறுக்கிறதோ?

கரிசல்காட்டான்: வேலூர் சி.எம்.சி. 1990களிலிருந்தே எந்த வகைக் கிருமி என்று ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சும்மா படிக்கிறவர் அதையும் படிக்கலாம்.

மதுரைக்காரன்: டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறு என்று போன வருஷம் சாதித்தவர் பாடம் நடத்துகிறார்!

கரிசல்காட்டான்: சாறு குடி என்று நான் சொல்லவே இல்லை. என் மாமியார் குடித்தார் என்றேன்.

நர்ஸ் அக்கா: நாளைக்குப் புதன்கிழமை, ஊசி நாள். நான் தூங்கப் போகிறேன்.

மதுரைக்காரன்: போகுமுன் நீங்களாவது சொல்லுங்கள் அக்கா, 3 இருக்கிறதா?