இந்திய விமானப்படை ஃப்ளையிங் பிராஞ்ச் (பறக்கும் பிரிவு) வயது வரம்பு, தளர்வு: நீங்கள் நேரில் பார்த்த கேஸ்களைச் சொல்லுங்கள்

கழுகுமலை:
எஸ்எஸ்பி (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் பல நாள் நேர்காணல்) முதல் நாள், ஒரிஜினல் சான்றிதழ் சரிபார்க்கும் மேசை. 2025 ஜூலை கோர்ஸுக்கு வந்த பையன். பிறப்புச் சான்றிதழில் 20.8.2001, ஆதாரிலும் அதே. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் மட்டும் 20.5.2001. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பற்றவில்லை என்று வீட்டில் மூன்று மாதம் கூட்டிப் போட்டது. விண்ணப்பத்தில் ஆகஸ்ட் என்று நிரப்பியிருந்தான். அந்தக் கோர்ஸுக்கு 2.7.2001 முதல் 1.7.2005 வரை பிறந்தவர்கள்தான் தகுதி. மேசையில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுக்கவே இல்லை. பத்தாம் வகுப்புத் தேதிமேல் பென்சிலை வைத்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், இரண்டையும் சேர்த்துத் திருப்பி நீட்டிவிட்டார். அந்தப் பென்சில் நின்ற இடம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

விமானப்படைக்கும் சரி, யுபிஎஸ்சிக்கும் சரி, பிறந்த தேதி என்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதுதான். திருத்த வேண்டுமென்றால் பொதுத்தேர்வுக்குப் பள்ளியிலிருந்து பெயர்ப்பட்டியல் போகும் முன்பே திருத்துங்கள். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு அலைச்சல்தான் மிச்சம்.

திசைகாட்டி:
அதைவிட அதிகம் பேர் விழுவது வேறு இடத்தில். பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24 வயது என்பது விண்ணப்பிக்கும் நாளின் வயது இல்லை, கோர்ஸ் தொடங்கும் நாளின் வயது. விமானப்படையே நடத்தும் அதிகாரி நுழைவுத் தேர்வான அஃப்கேட் 01/2025-க்கு விண்ணப்பம் 2024 டிசம்பரில், கோர்ஸ் 2026 ஜனவரியில். அதற்கு 2.1.2002 முதல் 1.1.2006 வரை பிறந்திருக்க வேண்டும். 15.12.2001-இல் பிறந்த ஒரு பெண், "எனக்கு இப்போதுதான் 23 முடிந்தது, இன்னும் ஒரு வருஷம் இருக்கே" என்று நின்றது நினைவிருக்கிறது. விண்ணப்பப் பக்கம் தேதியை ஏற்கவில்லை. சர்வர் கோளாறு என்று நினைத்து மூன்று பிரவுசரில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். 23 முடிந்த கையோடு கதவு மூடிவிட்டது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பாலாற்றங்கரை:
சில நாள், சில வாரம் வித்தியாசம் என்றால் டெல்லிக்கு ஒரு மனு எழுதிப் பார்க்கலாமே? அமெரிக்காவில் வயதுக்கு விலக்கு தருகிறார்கள் என்று படித்தேன்.

ஓடுபாதை:
பாலாற்றங்கரை அண்ணே, தயவுசெய்து பிள்ளைகளை அந்த வழியில் அனுப்பாதீர்கள். அமெரிக்க விமானப்படையில் 33 வயதுக்குள் பைலட் பயிற்சி தொடங்க வேண்டும், அதைத் தாண்டியவருக்குத் தனிக் கோப்பாக விலக்கு கேட்கும் முறையும் உண்டு. அது அவர்கள் நடைமுறை. இங்கே பறக்கும் பிரிவில் ஆளுக்கு ஆள் பார்த்துத் தரும் விலக்கு கிடையாது. எஸ்சி, எஸ்டி, ஓபிசி வயதுத் தளர்வும் அதிகாரி நுழைவில் இல்லை. இருப்பது ஒரே தளர்வு, அது அறிவிப்பிலேயே அச்சிட்டிருக்கிறது: டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம்) வழங்கிய, செல்லுபடியில் உள்ள சிபிஎல் (வணிக விமானி உரிமம்) இருந்தால் 26 வரை. அஃப்கேட்டுக்கும் அதே, யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் தேர்வு வழி விமானப்படை அகாடமிக்கும் அதே.

'டிஜிசிஏ வழங்கிய' என்பதைக் கவனியுங்கள். வெளிநாட்டில் பறந்து வாங்கிய லைசென்ஸோடு ஒருவர் வந்தார், 25 வயது. மணிக்கணக்கு, லாக்புக் எல்லாம் சுத்தம். ஆனால் இந்திய லைசென்ஸாக மாற்றும் வேலை பாதியில் நின்றிருந்தது. இங்கே மாற்றித் தேர்வு எழுதி, மருத்துவப் பரிசோதனை முடித்து டிஜிசிஏ கொடுக்கும் வரை அந்தத் தாள் வயதுக் கணக்கில் சேராது.

இன்னொன்று. 24 நெருங்கியபின் தளர்வுக்காகவே சிபிஎல் எடுக்கக் கிளம்பாதீர்கள். 200 மணி நேரம் பறக்க வேண்டும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, நேவிகேஷன், வானிலை, ரெகுலேஷன்ஸ் தாள்கள், ரேடியோ உரிமம். வானிலையும் விமானம் கிடைப்பதும் ஒத்துழைக்காவிட்டால் இரண்டு வருடம் அதிலேயே கரைந்துவிடும், செலவும் பல பத்து லட்சம். ஏற்கெனவே எடுத்தவருக்குத்தான் அந்தத் தளர்வு உதவும்.

தாம்பரத்துக்காரன்:
வயதைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். வயது இருந்தும் ஆயுளுக்கும் வெளியே போகிறவர்களைப் பற்றியும் பேசுங்கள். எஸ்எஸ்பி முடித்து சிபிஎஸ்எஸ்ஸில் (விமானி ஆகும் திறனைக் கணினியில் சோதிக்கும் தேர்வு) தோற்ற ஒரு பையன், "அடுத்த அஃப்கேட்டில் பார்த்துக்கலாம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அடுத்தது என்று ஒன்று இல்லை. சிபிஎஸ்எஸ், அதற்கு முன்பிருந்த பிஏபிடி, இரண்டில் எதில் ஒருமுறை தோற்றாலும் பறக்கும் பிரிவு நிரந்தரமாக முடிந்தது. சிபிஎல் வைத்திருப்பவருக்கும் இதே விதி. அகாடமியில் பறக்கும் பயிற்சியிலிருந்து நிறுத்தப்பட்டவரும் திரும்ப வர முடியாது.

அதனால் 20 வயதில் அவசரப்பட்டுப் போகாதீர்கள். கருவிகளின் முள்ளைப் பார்த்து உயரம், திசை, சாய்வு வாசிக்கும் பகுதிக்கு முந்தின நாள் கொடுக்கும் விளக்கத்தைக் கவனமாகக் கேளுங்கள். இரவு தூங்குங்கள். கையில் ஸ்டிக், காலில் பெடல், நடுவில் விளக்கும் சத்தமும் வரும்போது பலர் விளக்கைத் துரத்திப் போய்த் திரையில் உள்ள புள்ளியைக் கோட்டைவிடுகிறார்கள். புள்ளி மையத்தில் இருப்பதுதான் முதல் வேலை.

கிளம்பும் முன் வீட்டில் அளந்துவிடுங்கள். உயரம் குறைந்தது 162.5 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120, தொடை நீளம் 64-க்கு மேல் போகக்கூடாது, உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96. தொடைக்கு வரம்பு ஏன் என்று கேட்பார்கள். ஆபத்தில் விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் முன்பலகையில் இடித்தால் கால் போய்விடும். நல்ல உயரமான பையன்கள் இதில்தான் மாட்டுவார்கள். சுவரோடு முதுகும் இடுப்பும் ஒட்ட உட்கார்ந்து, முழங்கால் முன்விளிம்பு வரை அளக்க வேண்டும். சாய்ந்து உட்கார்ந்து எடுத்த அளவு தப்பாக வரும். பிளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் தனித்தனியே 50 சதவீதம் இருக்கிறதா என்றும் பாருங்கள், சராசரி எடுபடாது.

திசைகாட்டி:
தாம்பரத்துக்காரன் சார், காத்திருக்கச் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. 22 முடிந்தவன் இன்னொரு வருடம் தயாராகிறேன் என்று உட்கார்ந்தால் தேதி போய்விடும். மிச்சம் எத்தனை கோர்ஸ் என்று எண்ணிவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

செந்தட்டி:
என்சிசி ஏர் விங் 'சி' சான்றிதழ் இருந்தால் வயது கூடும் என்று ஒரு அப்பா வாதாடினார். கூடாது. அந்த வழி நுழைவில் எழுத்துத் தேர்வு மட்டும்தான் கிடையாது, வயது அதே 20 முதல் 24.

சிபிஎல்லோடு 25-ஐத் தாண்டி வருகிறவர்களுக்கு ஒன்று: 25-க்குக் கீழே என்றால் திருமணம் ஆகியிருக்கக் கூடாது. மேலே என்றால் ஆகியிருக்கலாம், ஆனால் பயிற்சிக் காலத்தில் குடும்பத்துக்கு வீடு தரமாட்டார்கள், வெளியே வீடெடுத்துத் தங்கவும் விடமாட்டார்கள். பயிற்சியின் நடுவே கல்யாணம் செய்தால் வெளியேற்றிவிட்டு, அதுவரை ஆன செலவையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பெண் வீட்டாரிடம் தேதி பேசும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.