குடிநீர்க் குழாய்களின் கணினி மாதிரியை டிஜிட்டல் ட்வின் என்று சொல்லலாமா?

கேள்வி (பெருந்துறை வாசகர்):
வணக்கம். எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைசித் தெரு வரையுள்ள பழைய இரும்புக் குழாய்களை குழாய்களில் நீரோட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும் ஈபிஏநெட் மென்பொருளில் வரைந்து கணக்கிட்டேன். தொட்டி நீர்மட்டம் அந்தத் தெருவைவிட 15 மீட்டர் உயரம். காலை விநியோக நேரத்தில் அங்கே 9 மீட்டர் அழுத்தம் (அவ்வளவு உயர நீரின் அழுத்தம்) இருக்கும் என்கிறது கணக்கு. அழுத்தமானியோ 4 மீட்டர்தான் காட்டுகிறது. இதை டிஜிட்டல் ட்வின் என்று அழைக்கலாமா? எங்கிருந்து திருத்துவது?

மறுமொழி (கோவை, குடிநீர்ப் பொறியாளர்):
இப்போது உங்களிடம் இருப்பது மாதிரி மட்டுமே. 1970இல் நிலவை நோக்கிச் சென்ற அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, தரையிலிருந்த சிமுலேட்டர்களைக் கலத்தின் அப்போதைய நிலைக்கு ஏற்ப மாற்றி, வீரர்கள் செய்ய வேண்டியவற்றை முதலில் அவற்றில் செய்துபார்த்தார்கள். அதுபோலக் குழாயின் இன்றைய நிலை, அளவிகள் வழியே மாதிரிக்குள் தொடர்ந்து வந்து அதைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது டிஜிட்டல் ட்வின், அதாவது இரட்டை.

உராய்வு எண்ணை (ஹேசன்–வில்லியம்ஸ் C; குழாயின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் இது அதிகம்) 130 என்று வைத்திருப்பீர்கள் என நினைக்கிறேன். துருவேறிய குழாயில் அது 90 ஆகக் குறைந்தால் அழுத்த இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். உங்கள் வேறுபாட்டுக்கு அதுவே போதும். ஆனால் பாதி மூடிய வால்வும் இதே அளவைக் காட்டும் என்பதால், எண்ணை மாற்றிக் கணக்கைப் பொருத்திவிடாதீர்கள். முதலில் நீர் வெளியேறும் எல்லா வீட்டு, தெருக் குழாய்களையும் அடைத்து 15 மீட்டர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உயர அளவுகள் சரி. பிறகு விநியோக நேரத்தில் வழிநெடுக அளந்துவாருங்கள். அழுத்தம் சிறிது சிறிதாகக் குறைந்தால் துரு, ஓரிடத்தில் சட்டென்று விழுந்தால் வால்வு.

மறுமொழி (அவினாசி வாசகர்):
2024இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரிநீரை 6 நீரேற்று நிலையங்கள் 1,045 குளங்குட்டைகளுக்கு அனுப்புகின்றன. அவ்வளவு பெரிய அமைப்பில் மின்சாரம் திடீரென நின்றால் குழாயில் எழும் அழுத்த அலை எங்கே தாக்கும் என்பதை உண்மைக் குழாயில் சோதித்துப் பார்க்க முடியாது. இரட்டையின் அருமை அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஊருக்கு, தொட்டியில் ஒரு மட்டமானியும் வெளியேறும் குழாயில் ஓட்டமானியும் கடைசித் தெருவில் அழுத்தமானியும் தொடக்கத்துக்குப் போதும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அடைத்துப் பார்த்ததில் 15 மீட்டர் வந்தது. காலையில் ஆறு இடங்களில் அளந்தபோது, பள்ளி வளைவுக்கும் கோயிலுக்கும் இடையே மட்டும் 4 மீட்டர் விழுந்தது. தொட்டி இயக்குபவரிடம் கேட்டேன். அங்கே ஒரு வால்வு இருந்தது என்றும், சாலை போட்டபோது தாருக்கடியில் போய்விட்டது என்றும் சொன்னார். என் வரைபடத்தில் அந்த வால்வே இல்லை. அதைச் சேர்த்துவிட்டு, மிச்சமுள்ள ஒரு மீட்டர் வேறுபாட்டுக்கு உராய்வு எண்ணைப் பார்க்கிறேன்.