கேட்டது கிடைக்காமலே நேர்த்திக்கடன் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

வாவிக்காற்று:
போன ஆவணியில் நடந்தது. இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

உயர்தரப் பெறுபேறு வந்து, இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) மருத்துவத்துக்குக் காணாது என்று ஆகிவிட்டது. அம்மா எனக்காக மட்டக்களப்பு மண்டூர் முருகனுக்கு நேர்ந்திருந்தார். "கிடைக்கல்லத்தானே, இனி அந்த நேர்த்தி இல்ல" என்று முடித்துவிட்டார். சரி, நேர்த்தி இல்லாவிட்டாலும் திருவிழா இருக்கிறதே என்று குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கிற பாதை (மிதவைப் படகு) ஏறினேன்.

பக்கத்தில் வயதான ஒரு அம்மா. மடியில் எதையோ வைத்து முந்தானையால் மூடியிருந்தார். நடு வாவியில் காற்றுக்கு முந்தானை விலகியது. வெற்றிலைக்கு நடுவே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளி வேல்.

"யாருக்கு நேர்த்தி அம்மா?"

"மகனுக்குப் புள்ள. சண்டைக்குள்ள காணாமப் போனவன். வந்தா வேல் தாறன் எண்டு நேர்ந்தன்."

"வந்துட்டாரா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவரே சொன்னார்: "அவன் வரல்ல எண்டு முருகனுக்குக் குடுக்காம விடுறதா? வயசும் போகுது. கையில காசு இருக்கக்குள்ள செஞ்சு வெச்சன்."

இது நம்பிக்கையா, இல்லை மகன் இனி வரமாட்டான் என்று மனதுக்குள் முடிவு கட்டியதா? எனக்குப் பிடிபடவில்லை. உங்களில் யாராவது இப்படி ஒருவரைப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

வட்டைக்காரன்:
முடிவு கட்டியதுமில்லை, ஒன்றுமில்லை. அவர் கடன் தீர்ந்தது, இனி முருகன்தான் கடன்காரன். அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், ஒரு போடியார் (வயல் சொந்தக்காரர்). 2021 பெரும்போகம் எப்படிப் போனது என்று வாவிக்கு மேற்கே படுவான்கரை ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யூரியா இல்லை, வேளாண்மை மஞ்சளாக நின்றது. தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்க, அதாவது சாமிக்கு முதல் கதிர் அறுக்க, மனுஷன் வழக்கம்போல் குளித்து முழுகி வட்டைக்குள் இறங்கினார். ஒரு கதிரை அறுத்து உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். பாதிக்கு மேல் பதராகப் பறந்துவிட்டது. மிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்ணகை அம்மனுக்கு இந்த வருசம் இவ்வளவுதான். அவவும் எங்களோட சேர்ந்து அரை வயித்தோட கிடக்கட்டும்" என்று சீலைத்துண்டில் முடிந்தார்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு வரம்பில் நின்ற இன்னொருவர் "எல்லாம் அவன் சித்தம்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. பசளை இறக்குமதியை நிறுத்தியது கொழும்பில் கையெழுத்து வைத்தவர்கள். அதையும் கடவுள் தலையில் கட்டிவிட்டு எங்களைப் பொறுமையாக இருக்கச் சொன்னால் எப்படி? காணாமல் போன பிள்ளையும் அப்படித்தான். முருகனா கொண்டுபோனார்?

வாவிக்காற்று:
வட்டைக்காரன் அண்ணா, கடன் தீர்ந்தது என்கிறீர்களே, மிச்சக் கதையையும் கேளுங்கள். வாய்கட்டிப் பூசை (பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு செய்வது), திரைக்கு முன்னால் நெரிசல். எனக்கு முன்னால் அதே அம்மா. வேலைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமலே மறுபடி நேர்ந்துகொண்டிருந்தார். காதில் நன்றாகவே விழுந்தது. மகன் வந்தால் இந்த முறை தங்கத்தில்.

புளியந்தீவார்:
தங்கத்தில்! அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும்.

என்னுடையது வேறு மாதிரி. அம்மாவுக்குப் புற்றுநோய். மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து வீட்டில் கிடந்த காலம். ஜெபிக்க ஒருவர் வந்தார். எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம். எண்ணெய் பூசி ஜெபித்தார், சுகம் வந்துவிட்டது என்று அறிவித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் வந்து பார்த்தால் அம்மா எழும்பவே இல்லை. "அம்மா, எங்கயோ விசுவாசம் குறையுது" என்றார்.

அம்மா தலையணையில் கிடந்தபடியே, "தம்பி, நீங்க தராசு கொண்டு வந்தனீங்களா?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. அம்மா அந்த வருடமே போய்விட்டார், கடைசி வாரம் வரை செபமாலை கையில்தான்.

அம்மா படுத்திருந்தபோது எத்தனை பேர் பைபிளில் இருந்து எரேமியா 29:11 அனுப்பினார்கள் தெரியுமா? "உங்களுக்கு நான் வைத்திருக்கிறது நல்ல எண்ணம்" என்கிற அந்த வசனம்தான். பூப்படம் போட்டு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அனுப்புகிறவர்கள் அதற்கு முந்தின வசனத்தையும் ஒருமுறை வாசிக்க வேண்டும். பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பிறகுதான் என்று அதில் இருக்கிறது. சிறைபிடித்து அங்கே கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகம் பேர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அதற்கும் முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவர் அவர்தான். சனங்களுக்கு அது இனித்திருக்கும். அது பொய் என்று எரேமியா முகத்துக்கு நேரே சொன்னார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கொண்டுபோய் வைத்திருக்கிற அந்த ஊருக்காகவும் ஜெபியுங்கள் என்றுதான் எரேமியாவின் கடிதம் சொல்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் எரேமியா கட்சி இல்லை, அனனியா கட்சி.

மருதமுனைக் காக்கா:
வட்டைக்காரரே, படைத்தவனைக் கடன்காரன் என்று சொல்வது எங்களுக்குச் சரிப்படாது. கோபிக்க வேண்டாம், நீங்கள் சொன்ன கதை நல்ல கதை.

சுனாமிக்கு மறுநாள். சாச்சியின் (சின்னம்மாவின்) மையத்து, அதாவது உடல், அப்போதும் கிடைக்கவில்லை. கடற்கரைப் பக்கம் வீடும் இல்லை, பள்ளிச் சுவரும் இல்லை, எங்கே பார்த்தாலும் ஒரே மணல், முறிந்த தென்னை, யாருடையதோ அலுமாரி. அசர் தொழுகை நேரமானது. சாச்சா எழும்பி நின்றவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மக்காவை நோக்கித் தொழும் திசையை என்னைக் கேட்டார்: "கிப்லா எந்தப் பக்கம் மகன்?"

வயது தெரிந்த நாள் முதல் அந்த இடத்தில் தொழுத மனிதர். நான் வெயில் சாய்கிற பக்கத்தைக் காட்டினேன். கொஞ்சம் வடக்கே திரும்பித் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார்.

பிறகு எங்களுக்குள் பலர் பல காரணம் சொன்னார்கள். யாரோ செய்த பாவம் என்றுகூட ஒருவர் பேசினார். சாச்சா அந்தப் பேச்சில் சேரவே இல்லை. ஆனால் புதிய வீட்டைக் கடலை விட்டுத் தூரமாகத்தான் கட்டினார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் (இறைவன் மேல் நம்பிக்கை) வை என்பது ஹதீஸ், நபிமொழி. மனுஷன் கட்டவும் செய்தார், தவக்குலும் வைத்தார்.

கல்லடி வாத்தியார்:
78 சூறாவளியை நேரில் கண்டவன் நான். நவம்பர் 23. இரவு முழுக்கக் காற்று, விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு இருந்த இடம் வெட்டவெளி. எங்கள் தகப்பனார் வீட்டுக்குக் கூரை இல்லாததைக் கூடப் பார்க்காமல் சாமிப் படத்தைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அது கிடக்கட்டும்.

பிள்ளை வாவிக்காற்று, உனக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். "இது தா, அது தருகிறேன்" என்று சாமியிடம் போவது சந்தையில் மீன் பேரம் பேசுகிற மாதிரி. சுந்தரமூர்த்தி நாயனாரைப் பார். திருவொற்றியூரை விட்டு வெளிக்கிட்டதும் கண் இரண்டும் போயிற்று. திருவெண்பாக்கத்தில் போய்க் கண் கேட்டார். கிடைத்தது ஊன்றுகோல். கண் கேட்டவருக்குக் கோல்! காஞ்சியில் இடக்கண் வந்தது, திருவாரூரில்தான் வலக்கண். இடையில் அவர் சும்மா இருந்தாரா? "வாழ்ந்து போதீரே" என்று சிவனையே ஏசிப் பாடினார். அதுவும் தேவாரத்தில்தான் இருக்கிறது, கோயிலில் பாடுகிறோம். ஆகவே ஏசலாம், தப்பில்லை. ஏசிக்கொண்டே அடுத்த கோயிலுக்கு நடந்தார் பார், அதைப் பிடித்துக்கொள்.

மற்றது, மருத்துவம் ஒன்றுதான் படிப்பு என்று யார் சொன்னது? கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேறு பிரிவுகள் இல்லையா? வந்தாறுமூலைக்குப் போய் விசாரி. ஒலுவில் பல்கலைக்கழகமும் இருக்கிறது. தாதியர் பயிற்சிக்கு அரச வர்த்தமானியில் அறிவித்தல் வரும், அதைத் தவறவிடாதே. ஆங்கிலத்தை இப்போதே சரிப்படுத்து. காலையில் வெள்ளென எழும்பு. பின்னேரம் போனைத் தூர வை. என்னிடம் படித்த ஒரு பிள்ளை உன்னைப் போல்தான் அழுதுகொண்டு வந்தாள், இப்போது கணக்காளர், வீடும் கட்டிவிட்டாள். உன் அம்மாவிடமும் சொல், நேர்ந்தது நேர்ந்ததுதான், ஒரு அர்ச்சனையாவது செய்யட்டும்.

வட்டைக்காரன்:
வாத்தியார் ஐயா, பேரம் பேசக் கூடாது என்கிறீர்கள், கடைசி வரியில் நேர்ந்ததைக் கொடு என்கிறீர்கள். இரண்டில் எது?

இன்னொன்று. சுந்தரர் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று மகிழடியில் சத்தியம் செய்து, அதை மீறித்தான் திருவாரூருக்கு வெளிக்கிட்டார். கண் போனதற்குக் காரணம் இருந்தது. வேல் கொடுத்த அந்த அம்மா எந்தச் சத்தியத்தை மீறினார்?

புளியந்தீவார்:
வட்டைக்காரன் கேட்டது சரி. பைபிளில் யோபுவின் கதையிலும் அதுதான். மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் வாய் திறக்காமல் கூட இருந்தார்கள், அதுவரை நல்லவர்கள். வாய் திறந்ததும் "நீ ஏதோ செய்திருப்பாய்" என்று தொடங்கிவிட்டார்கள். யோபு கடவுளோடு நேருக்கு நேர் வழக்காடினார். கடைசி அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் வந்தது அந்த நண்பர்கள் மேல்தான். யோபு பேசியது சரி, நீங்கள் பேசியதுதான் பிழை என்று சொல்லிவிட்டார்.

கல்லடி வாத்தியார்:
நான் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பிழையாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குத்தான் சொன்னேன். யோபு கதை எனக்கும் தெரியும், மிஷன் பள்ளியில்தான் படித்தேன்.

மருதமுனைக் காக்கா:
யோபு எங்களுக்கும் இருக்கிறார், ஐயூப் நபி என்போம். அவரைப் பற்றித் தனியாக ஒன்று எழுதுகிறேன், இங்கே எழுதினால் வாத்தியாரை விட நீளும்.

வாவிக்காற்று:
வாத்தியார் ஐயா, தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் எப்போதோ போட்டாயிற்று. நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா அதற்கும் நேர்ந்துவிட்டார், இந்த முறை மாமாங்கப் பிள்ளையாருக்கு.