மறக்கப்பட்ட ஜாஸ் இசையமைப்பாளர்களை மூவர் குழுவில் வாசிப்பது: எங்கே சறுக்குகிறது?

பியானோ, பாஸ், டிரம்ஸ் என்ற மூவர் அமைப்பில் அதிகம் பேசப்படாத இசையமைப்பாளர்களை எடுத்து வாசித்தவர்கள், கைகொடுத்ததையும் காலை வாரியதையும் எழுதுங்கள். நான் ஹெர்பி நிக்கல்ஸில் (1919–1963) தொடங்குகிறேன்.

1955, 1956இல் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்கு அவர் பதிவு செய்தது எல்லாமே மூவர் இசைதான். டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி, மேக்ஸ் ரோச். மெட்டு நின்று மூச்சு வாங்கும் இடங்களில் டிரம்ஸ் பேசுகிறது. அந்தப் பேச்சும் பாட்டோடு சேர்ந்ததுதான். மெட்டையும் கார்டுகளையும் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மட்டும் தரும் லீட் ஷீட்டில் அந்த இடம் வெறும் ஓய்வுக்குறி. டிரம்மர் அதை நம்பி ரைட் (ride) சிம்பலில் தாளத்தை ஓட்டிக்கொண்டே போனால் பாட்டில் பாதி காணாமல் போய்விடும்.

அதனால் பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டி, ஸ்னேர், டாம் என்ற டிரம்களின் அடிகளை முதலில் எழுதுங்கள். அடுத்து பாஸ். பியானோவின் இடது கையைக் கடைசியில் எழுதலாம். எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கி, மூவருக்கும் அதே தாளைக் கொடுங்கள். பிறகு பார்களை (தாள அளவுகளை) எண்ணிப் பாருங்கள். 32 பார் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் சோலோ (தனி வாசிப்பு) தொடங்கியதும் ஆளுக்கொரு இடத்தில் நிற்பீர்கள்.

பில்லி ஹாலிடே பாடிய ‘லேடி சிங்ஸ் த புளூஸ்’ மெட்டு நிக்கல்ஸுடையது. அந்தப் பாட்டை ரசிப்பவர்களிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாது. மேடையில் வாசித்தால் பெயரைச் சொல்லிவிட்டு வாசியுங்கள்.

*

நண்பரே, இடது கையைக் கடைசியில் வைத்தது சரிதான். ஆனால் எழுதியதை அப்படியே வாசித்தாலும் சில அறைகளில் சத்தம் சேறாகிவிடும். பாஸ் ரூட்டை (கார்டின் அடிச்சுரம்) பிடித்திருக்கும்போது பியானோவும் மிடில் சி-க்கு (பியானோவின் நடுவிலுள்ள சுரம்) ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே அதே ரூட்டை அழுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும். பாஸிஸ்ட் சுருதி விலகிவிட்டார் என்றுகூடத் தோன்றும். ரூட்டை விட்டுவிட்டு கார்டின் 3, 7ஆம் சுரங்களை மிடில் சி-யை ஒட்டி வையுங்கள். இசையமைப்பாளர் வேண்டுமென்றே கீழே அடர்த்தியாக எழுதியிருந்தால் மாற்ற வேண்டியது பாஸைத்தான்: அந்தப் பார்களுக்கு மட்டும் பாஸிஸ்ட் ஓர் ஆக்டேவ் மேலே போகட்டும், அல்லது வாசிக்காமல் நிற்கட்டும்.

*

பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸின் ‘சோடியாக் சூட்’ பற்றிச் சொல்கிறேன். 1945இல் அல் லூகஸ் (பாஸ்), ஜாக் பார்க்கர் (டிரம்ஸ்) உடன் பதிவானது. ராசிக்கு ஒன்றாக 12 பகுதிகள். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டியவை என்பதால் ஒவ்வொன்றும் சின்னது.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, ஒரு பகுதியை முழுசாக திரும்பத் திரும்ப வரும் ஒரு சுற்றாக எண்ணி அதன் மேல் சோலோ எடுப்பது. சில பகுதிகளுக்குள்ளேயே வேகமும் தாளமும் மாறும். மூன்றாவது சுற்றில் அந்த மாற்றம் விபத்துபோல் கேட்கும். நிலையாக ஓடும் 4 அல்லது 8 பாரைத் தேர்ந்து, அங்கே மட்டும் கதவைத் திறந்துவிடுங்கள். சோலோ முடிந்ததும் தொடக்க மெட்டுக்குத் திரும்பாமல், விட்ட இடத்திலிருந்து மேலே போங்கள். வெளியேறும் சைகையைப் பியானோவே தரட்டும். இரண்டு பார் முன்னால் ஒரு குறிப்பிட்ட சுரக்கோவை போதும், தலையாட்டினால் டிரம்மர் கவனிக்காமல் போகலாம்.

*

இசையமைப்பாளர் கார்லா பிளேயை விட்டுவிடாதீர்கள். அவருடைய ‘ஐடா லுபினோ’வை 1965இல் பால் பிளே (பியானோ), ஸ்டீவ் ஸ்வாலோ (பாஸ்), பேரி ஆல்ட்ஷுல் (டிரம்ஸ்) வாசித்ததைக் கேளுங்கள். எளிய மெட்டு, அதனால்தான் கெட்டுப்போகிறது. வெறுமையாக இருக்கிறதே என்று கூடுதல் கார்டுகளைத் திணித்தால் பாட்டு செத்துவிடும். டிரம்மர் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷில் தொடங்கட்டும்.

*

ஒரு சின்னச் சேர்க்கை, பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க் பற்றி. எல்லோருக்கும் தெரிந்தவர்தான், ஆனாலும் ‘பெம்ஷா ஸ்விங்’கில் தடுக்கி விழாத குழு குறைவு. ஏ, பி என்ற இரண்டு பகுதிகள் நான்கு நான்கு பாராக ஏ-ஏ-பி-ஏ என்று வரும், மொத்தம் 16 பார். பி என்பது அதே மெட்டு நான்காம் சுரத்துக்கு ஏறியது. சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஏ மூன்று முறை அடுத்தடுத்து, 12 பார் ஒரே மாதிரி வரும். சோலோ வாசிப்பவர் அங்கேதான் தொலைந்துபோவார். பி-யின் முதல் பீட்டில் பாஸிஸ்ட் புதிய ரூட்டை அழுத்தமாகப் போட வேண்டும், டிரம்மர் சிம்பலை மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் ஒத்திகையிலேயே பேசி வைத்துவிடுங்கள்.