வெண்புள்ளியோடு நீச்சல் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் அக்காவுக்கு விரல் நுனியிலும் முழங்கையிலும் வெண்புள்ளி. பல வருஷமாக முழுக்கை ஜாக்கெட்தான். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக்கூட வரமாட்டார். இப்போது, "இதுதான் என் தோல், இனி மறைக்க மாட்டேன்" என்று நீச்சல் கற்கக் கிளம்பியிருக்கிறார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

ஒரு குளத்தில் "மற்றவர்கள் பயப்படுவார்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது தொற்றவே தொற்றாது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது, அவ்வளவுதான்.

மதுரையில் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் குளம் எது? வெண்புள்ளி உள்ள தோல் வெயிலில் சீக்கிரம் கன்றிவிடும் என்பதால், எஸ்பிஎஃப் 30க்கு மேல், தண்ணீரில் நிற்கிற சன்ஸ்கிரீன் எதுவென்றும் சொல்லுங்கள். அப்புறம், இதே நிலையில் நீந்தப் பழகியவர்கள் அக்காவிடம் கொஞ்சம் பேச முடியுமா? நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் அவருக்குத் தெம்பாக இருக்கும்.