மகளை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளிக்கா?

கல்லடி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு வருகிற ஜனவரியில் ஐந்து வயது முடிகிறது. தரம் 1 விண்ணப்பத்தைப் பற்றி இப்போதே யோசித்தாக வேண்டும். நாங்கள் மெதடிஸ்த சபை. நான் படித்தது மட்டக்களப்பு நகரில் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையில்.

என்னை இப்படி யோசிக்க வைத்தவன் மூத்தவன். அவனை வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு பள்ளியில்தான் சேர்த்தோம். ரீச்சர்மார் அன்பானவர்கள், படிப்பிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் அவன் ஒருவன்தான் கிறிஸ்தவப் பிள்ளை. சமய பாட நேரத்தில் மற்றப் பிள்ளைகள் சைவநெறிப் புத்தகத்தை எடுக்க, இவன் கிறிஸ்தவப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போவான். படிப்பிக்க ஆள் இல்லை. இரண்டு வருடம் அப்படியே போனது. ஒருநாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது, "அம்மா, நானும் சைவநெறி வகுப்பில இருக்கட்டா? அங்க கதை சொல்லுறாங்க" என்று கேட்டான். அந்தக் கதைகளை அவன் கேட்பதில் எனக்கு ஒரு பயமும் இல்லை. பிள்ளை அங்கே தனியே ஒரு மேசையில் இருக்கிறான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை.

மகளுக்கு அப்படி நடக்கக் கூடாது. என் முன்னால் மூன்று வழி இருக்கிறது. அண்ணன் போகிற அதே பள்ளி, நடந்தே போகலாம். அல்லது நான் படித்த பள்ளி, தினமும் கல்லடிப் பாலம் தாண்டி வேனில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சபை நடத்துகிற ஆங்கில மூலத் தனியார் பள்ளி. அங்கே தினமும் வேத வசனம், செபம் எல்லாம் உண்டு என்கிறார்கள். கட்டணம்தான் எங்களுக்குக் கனம். கணவர் மூன்றாவதைச் சொல்கிறார். எனக்கு மனம் எங்கும் நிற்கவில்லை. பிள்ளைகளைச் சேர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ரீச்சர், தாண்டவன்வெளி:

தங்கச்சி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மிஷன் பள்ளி என்று நாம் வாயால் சொல்கிற பள்ளிகளில் பெரும்பாலானவை இன்று அரசாங்கப் பள்ளிகள். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்து, உதவி பெற்ற பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. அதிபரை நியமிப்பதும் ஆசிரியரை இடமாற்றுவதும் இப்போது சபை இல்லை. பெயரும் கட்டடமும் பழைய பழக்கங்களும்தான் மிஷனுடையவை. உங்கள் காலத்துப் பள்ளி அப்படியே இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்.

ஆனால் உங்கள் மகனுக்கு நடந்தது அங்கே நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. சமயம் கட்டாய பாடம், பிள்ளை தன் சமயத்தைத்தான் படிக்கும். கிறிஸ்தவப் பிள்ளைகள் போதிய அளவில் இருக்கிற பள்ளியில் அதற்கு ஆசிரியரும் இருப்பார். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் வேறு வேறு பாடம் என்பதையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று பள்ளியில் வாய்விட்டுக் கேளுங்கள்.

அனுமதி விஷயம். கையேற்கப்பட்ட பள்ளியென்றால், கையேற்றபோது எந்தச் சமயத்துப் பிள்ளைகள் என்ன விகிதத்தில் இருந்தார்களோ அதைப் பார்த்துத்தான் இடங்களை முதலில் பிரிப்பார்கள். பிறகுதான் வசிப்பிடம் 50, பழைய மாணவர் பிள்ளைகள் 25, சகோதரர் 15 வீதம் என்று போகும். கல்லடியில் இருந்து வசிப்பிடப் பிரிவில் போட்டால், இடையில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் புள்ளி வெட்டுவார்கள். நீங்கள் பழைய மாணவிப் பிரிவில் போடுங்கள். எத்தனை வருடம் படித்தீர்கள், என்ன பெறுபேறு, என்ன விளையாட்டு, பழைய மாணவிகள் சங்கத்தில் இருக்கிறீர்களா என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு. விடுகைப் பத்திரத்தை இன்றைக்கே தேடி எடுங்கள். நேர்முகத்துக்கு முதல் நாள் அலுமாரியைக் கிண்டி அழுத தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வருடச் சுற்றுநிருபத்தையும் ஒருமுறை முழுவதும் வாசியுங்கள்.

செங்கலடி தாய்:

நான் மகனைத் தனியார் கிறிஸ்தவப் பள்ளியில் மூன்று வருடம் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் செபத்தோடு தொடங்குவார்கள், பிள்ளைக்கு சங்கீதம் 23 மனப்பாடம், கூச்சமில்லாமல் ஆங்கிலம் பேசினான். ரீச்சர்மார் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செபிப்பார்கள், அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் மூன்று வருடத்தில் ஐந்து வகுப்பாசிரியர்கள் மாறினார்கள். சம்பளம் போதாது, அரச நியமனம் கிடைத்ததும் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ் மோசமாகப் போனது. அவன் அப்பம்மா எழுதிய கடிதத்தை அவனால் வாசிக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இன்னொன்று, இப்படிப்பட்ட பள்ளிகள் கம்பனியாகப் பதிவானவை, கல்வித் திணைக்களத்தின் கீழ் இல்லை. ஏதாவது முறைப்பாடு என்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் போய் நிற்க முடியாது. கட்டணத்தை மட்டும் பார்க்காமல், ரீச்சர்மார் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள் அக்கா.

காரைதீவான்:

நான் சைவம். படித்தது கல்முனை உவெஸ்லி என்ற மெதடிஸ்தப் பள்ளியில், இப்போது மகள் கார்மேல் பற்றிமா என்ற கத்தோலிக்கப் பள்ளியில். எங்கள் வீட்டில் யாருக்கும் இது புதுமையாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரே மயில்வாகனம் என்ற பிள்ளையாகக் கல்முனை மெதடிஸ்த பள்ளியிலும் பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும்தான் படித்தார். பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். அவர் பொறுப்பில் உருவான சிவானந்த வித்தியாலயம் உங்கள் கல்லடி உப்போடையில்தானே, சமாதியும் அங்கேதான். பாதிரிமாரிடம் படித்ததால் அவருடைய சைவம் குறைந்துவிடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னோடு படித்த கிறிஸ்தவப் பொடியன்களுக்கும் எங்களோடு இருந்ததால் ஒன்றும் குறையவில்லை. உங்கள் மகன் தனியே இருந்தது பிழைதான், அந்தப் பள்ளி அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அதற்காக மகளைத் தன் சபைப் பிள்ளைகள் மட்டும் உள்ள இடத்தில் விட வேண்டுமா? யோசியுங்கள் அக்கா. புனித மிக்கேலில் கூடைப்பந்து என்றாலே எல்லாரும் அருட்தந்தை யூஜின் ஹேபர்ட்டைச் சொல்வார்கள். அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைத் துறவி, 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனவர். அவரைப் பற்றிப் பேசும்போது சைவப் பெரியவர்களுக்கும் குரல் தழுதழுப்பதை நான் கேட்டிருக்கிறேன். கிறிஸ்தவக் கல்வி என்றால் என் மனதில் வருவது அந்த மாதிரி மனிதர்கள்தான்.

கல்லடி அம்மா:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. காரைதீவு அண்ணன் எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, வின்சன்டுக்கே போடு" என்றார். செபமும் வசனமும் வீட்டில் நாங்களே கொடுக்கிறோம், ஞாயிறு பாடசாலையும் இருக்கிறது. பள்ளியில் மகளோடு சேர்ந்து கிறிஸ்தவப் புத்தகம் திறக்க நாலு பிள்ளைகளும், சொல்லிக் கொடுக்க ஒரு ரீச்சரும் இருந்தால் எனக்குப் போதும். மற்ற நேரமெல்லாம் அவள் எல்லாரோடும் இருக்கட்டும்.

மூத்தவனை மறந்துவிடவில்லை. எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், வாரத்தில் ஒருநாள் வந்து சமயம் படிப்பிக்கத் தயார் என்கிறார். திங்கட்கிழமை அதிபரைப் பார்க்கப் போகிறேன். ரீச்சர் அக்கா, வெளியாள் வந்து படிப்பிக்க வலயத்தின் அனுமதி எழுத்தில் வேண்டுமா, அதிபர் சம்மதித்தால் போதுமா?

ஓய்வுபெற்ற ரீச்சர், தாண்டவன்வெளி:

எழுத்திலேயே எடுங்கள் தங்கச்சி, அதிபர் மாறினாலும் நிற்கும். கடிதத்தை அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். அதே பள்ளியில் வேறு தரங்களில் எத்தனை கிறிஸ்தவப் பிள்ளைகள் என்று எண்ணி அதையும் எழுதுங்கள். ஐந்தாறு பேர் இருந்தால் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூட்டி வைத்துப் படிப்பிக்கலாம். மகனும் தனியே இருக்க மாட்டான்.